முப்பத்தி நாலு இஞ்சு

கோலக் கீழ வெய், சென்னப்பா. ஜவுளிக்கடை இரும்பு மீட்டர் கோலத் தூக்கிக்கிட்டு கடத்தூர் சந்தை நடுவுலயா நடந்து வந்த? நல்லாத்தான் இருந்திருக்கும். சென்னப்பன் கடையில ரெண்டு மீட்டருக்கு நாலு இஞ்சு திருட்டுன்னு ரெண்டு வருசமா வர்றவன் போறவங்கிட்டல்லாம் சொல்லிட்டிருந்தேன். அப்பல்லாம் வராத ரோசம் இன்னிக்கு வந்துச்சாக்கும்.

பேசாத. ஊசி கோத்துட்டிருக்கேன்.

ரோசம் எல்லாருக்குந்தான். எம் பொண்டாட்டி ஜான் பீக்கு இல்லாததா? எழுபத்தி ரெண்டாம் வருசத்துல அடிவவுறு கனமா இருக்குன்னா. தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸுல எவனோ ஆட்டுக்குட்டிய எம் மடியில வெச்சுட்டான்... அத வுடு. டாக்டரம்மா கைவெச்சுப் பாத்துட்டு, சினைப்பையில கட்டி, எலுமிச்சம்பழம் அளவுன்னாங்க. இப்போதைக்கு சாதாரணக் கட்டிதான், சிலது புத்துநோயா மாறிடும், எடுத்துடறது நல்லதுன்னாங்க. கிழிச்சுத் தைக்க நான் என்ன துணியாங்கறா இவ. சரி, மூணு மாசத்துக்கு ஒருவாட்டியாவது வந்து காட்டுங்கன்னாங்க. அதுக்கும் மாட்டேன்னுட்டா.

நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். டாக்டரம்மா, நான் டைலருங்க, அளவு எடுக்கறதுதான் எம் பொழப்பு, வூட்டுலயே அளந்து பாத்துக்கறேன்னேன். ஒரு இஞ்சு ஏறுனாலும் அன்னிக்கே கூட்டிட்டு வரணும்னாங்க.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்ததும் அளப்பேன். முப்பத்தி நாலு. அடுத்த வெள்ளி, முப்பத்தி நாலு. நூறு வெள்ளி இருக்கும். ஒரு நூல் ஏறல.

இவ என்னடான்னா பாவாட நாடா எட்டலைங்கறா. துவைச்சு சுருங்கியிருக்கும்னேன். புது நாடா கோத்தேன். அதுவும் எட்டல. சென்னப்பன் கடைச் சரக்கு அப்பிடித்தான்னேன். ஒருநா எங் கையிலருந்த டேப்பப் புடுங்கி வீசிட்டா.

“எவ் வவுறு எனக்குத் தெரியாதா? உங்க டேப்புக்குத்தான் தெரியுமா?”

டைலரு நீயா நானான்னேன்.

ஏன் எந்திரிக்கற? உக்காரு. கடையில உங் கணக்குப்புள்ள பாத்துக்குவான்.

போன ஆடியில வலி தாங்காம சுருண்டுட்டா. வேலூருக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அங்க நர்சு ஒருத்தி வவுத்த அளந்து முப்பத்தி ஆறுன்னு எழுதறா. வுடுவனா? அளக்கத் தெரியாதவ எழுத வந்துட்டான்னு என் டேப்ப எடுத்து அளந்து காட்டுனேன். முப்பத்தி நாலு. அந்தப் புள்ள ரெண்டு டேப்பையும் நுனி சேத்துப் புடிச்சுது. அவ்வளவுதான்.

துணி டேப்பு. எண்ணு மங்குன பழசு. மாத்த மனசு வரல. கழுத்துல கெடந்து இழுபட்டு இழுபட்டு, அவ வவுறு ஏற ஏற அதுவும் கூடவே நீண்டிருக்கு. ஆளையும் அதாலதான் அளந்தேன், துணியையும் அதாலதான் வெட்டுனேன். அதனால ஒரு சட்டை கூட இறுக்கமா இருக்குன்னு திரும்பி வரல. நீ குடுத்த துணி மட்டும் கொறஞ்சுது.

கட்டி தேங்கா அளவு. புத்தா மாறிடுச்சுன்னாங்க. கர்ப்பப்பையோட சேத்து எடுத்தாங்க. எலுமிச்சம்பழமா இருந்தப்ப வந்திருந்தா கட்டியோட போயிருக்கும்னாரு பெரிய டாக்டரு. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருக்கலாம்.

அப்பறம் மிச்சமிருக்கற புத்து கருகறதுக்கு இருபத்தஞ்சு நாளு கரண்டு வெச்சாங்க. கஞ்சி கூட நிக்கல. இப்ப மாத்திரை. நேத்துதான் வூட்டுக்கு வந்தா. உள்ள நீர் சேந்தா வவுறு ஏறும், வாராவாரம் அளந்து பாருங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எங்கிட்டயே சொல்றாங்க.

முடியாதுன்னேன். வேற யாரையாவது வெச்சு அளந்துக்கன்னேன். அதுக்கு அவ, “நீங்களே அளங்க. புது டேப்பு வாங்கிட்டு வாங்க” ன்னா. வாங்கிட்டேன். இந்தா, இதான். இன்னிக்கு சரியா இருக்கு. அதுவும் இன்னிக்குத்தான்.

உங் கோல்ல தப்பில்ல. சந்தையிலயும் சொல்லிடறேன். இரும்பு நீளாது.

என்ன, கெளம்பிட்ட? சரி, போ. கோல வெச்சுட்டுப் போ. நாளைக்கு வெள்ளிக்கிழமை.