தலைவர் செத்த வாரம்

— என்னைக் கொன்னு எத்தனை வருஷமாச்சு, மாப்ள?

— உங்களை எங்க மாமா கொன்னேன்? காமிக்ஸ்ல கிளப் தலைவர்தானே செத்தாரு.

— மூஞ்சி யாரோடது? மூக்கு, மீசை, ஓரத்துல உடைஞ்ச பல்லு வரைக்கும் என்னோடது. சைக்கிள் கடைக்காரர் ஒருத்தர் கிழிஞ்ச பந்துக்குப் பஞ்சர் ஒட்டிக் குடுத்து, அப்படியே ஒரு ஃபுட்பால் கிளப்பை ஆரம்பிச்சாருன்னு போட்டீங்க. என் கடைக்கு வர்றவன் போறவன் எல்லாம் தலைவரேன்னு கூப்பிட்டான். பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. அப்புறம் ஒரு வாரம் பத்திரிகையைப் பிரிச்சா, பெட்டிக்குள்ள கெடக்குறேன்.

— அதுக்கு முந்தின வாரம் அச்சாபீஸ்ல நீல மை தீர்ந்துபோச்சு மாமா. நம்ம டீம் மொத்தமும் வெள்ளைச் சட்டையில வந்துட்டாங்க. ஏன் வெள்ளைன்னு அடுத்த வாரம் காரணம் சொல்லணுமே. துக்கம்னு வெச்சோம். துக்கம்னா யாராவது செத்தாகணும்ல.

— மை இல்லேன்னு ஆளையே முடிச்சுட்டீங்க.

— முதல்ல கோல்கீப்பரைத்தான் யோசிச்சோம். அடுத்த மேட்சுக்கு அவன் வேணுமே.

— நல்லா இருக்கு உங்க நியாயம். அது கெடக்கட்டும். இப்ப கிளப்போட வரலாறு பூராவும் ஒரே புஸ்தகமா வருதாமே. என் பொண்ணு சொன்னா.

— ஆமா மாமா. பழைய பக்கத்தையெல்லாம் புதுசா வரைஞ்சுட்டு இருக்கேன். அந்த மேஜையில கை வெச்சுடாதீங்க, மை இன்னும் காயல.

— அப்ப அந்தச் சாவுப் பக்கத்தை மாத்திக் குடுங்க.

— தலைவரை உயிரோட கொண்டாந்தா கதையே கவுந்துடும் மாமா. அவர் போன வேகத்துலதான் பசங்க கோப்பையையே ஜெயிச்சாங்க. மைதானத்து வாசல்ல சிலை வேற வெச்சாச்சு.

— உயிரோட கொண்டாங்கன்னு யார் கேட்டா? செத்தது செத்ததாவே இருக்கட்டும். பெட்டியைத் தூக்குறவங்களைப் பாருங்க. கோல்கீப்பர், கோச், பஸ் டிரைவர், டிக்கெட் கிழிக்கிறவன். சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தன் இல்ல.

— தலைவர் ஒண்டிக்கட்டை மாமா.

— ஒரு பையனை வரைஞ்சா உங்க கை தேஞ்சா போயிடும்? அந்த டிக்கெட்காரனைத் தூக்கிட்டு அந்த இடத்துல அவனை நிறுத்துங்க.

— யாரை?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்க மச்சானை, என் பையனைத்தான். எனக்கும் வயசாச்சு. நாளைக்கு நெசமாவே நான் பெட்டியில படுத்தா அவன் வருவானா மாட்டானான்னு தெரியல. அதை நினைச்சா தூக்கமே வர மாட்டேங்குது மாப்ள. படத்துலயாவது என்னைத் தூக்கட்டும்.

— வரையுறது ஒரு வேலையே இல்ல. ஆனா அதை நான் முடிவு பண்ண முடியாது மாமா. கதை எழுதுறது வேற ஒருத்தர்.

— இத்தனை வருஷமா நீங்கதான் எழுதுறீங்கன்னுல்ல இருந்தேன்.

— சேர்ந்தாப்ல நாலு வரி எழுதச் சொன்னா எனக்கு வேர்த்துடும். படம் மட்டும்தான் நான். பேர் போட வேண்டாம்னு அவரு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு.

— அவரு ஒத்துக்க மாட்டாரா?

— எனக்குச் சொல்லத் தெரியல. தலைவரைக் கொல்லவே கூடாதுன்னு ஆபீஸ்ல மல்லுக்கு நின்னவரு அவரு. வேற வழியில்லாமத்தான் எழுதிக் குடுத்தாரு.

— பாத்தீங்களா. நல்ல மனுஷன். நானே பேசுறேன் அவருகிட்ட. சண்டை போட்டுட்டுப் போன கோல்கீப்பரோட கல்யாணத்துக்கு, கொட்டுற மழையில கடையைச் சாத்திட்டு ஓடிவந்து நிப்பாரே தலைவர், அதைப் படிச்சுட்டுக் கடையில உக்காந்து அழுதேன். நான் அப்படிப்பட்டவன் இல்ல மாப்ள. பெத்த பிள்ளை கல்யாணத்துக்கே வீம்பு புடிச்சுப் போகாதவன். என் மூஞ்சியைத் தலைவருக்கு வெச்சுட்டீங்க. என் லட்சணம் அவருக்கு எங்க தெரியப் போகுது.

— தெரியும் மாமா.

— நீங்க சொல்லிட்டீங்களா?

— நான் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு நீங்க வருவீங்கன்னு, உள்ள வரச் சொல்லியும் கேக்காம, மழையில மண்டபத்து வாசல்லயே நின்ன கல்யாண மாப்பிள்ளையே அவருதான்.