எண்பதில் பிரேக் பிடித்தால் ஆடும் வண்டி

முத்தாண்டிக்குப்பம் சடையப்பன் மனைவி கலியம்மாள் கொடுத்த புகார் மனு மீதான விசாரணையில், உதவி ஆய்வாளர் காயத்ரி முன்பு நான் சொல்ல, எழுதிக்கொள்ளப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் வேலுமணி. தகப்பனார் பெயர் நாச்சிமுத்து. வயது 53. சொந்த ஊர் ஈரோடு மாவட்டம். தற்போது நெய்வேலி நகரியம் 21-ஆவது வட்டத்துக் குவார்ட்டர்ஸில் மனைவி வளர்மதியுடன் குடியிருந்து வருகிறேன். சுரங்கத்தில் கன்வேயர் கியர்பாக்ஸ்களின் அதிர்வை அளந்து, எந்த பேரிங் எப்போது போகும் என்று முன்கூட்டிச் சொல்கிற பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். பெர்மனென்ட். முதலிலேயே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என்னோடு வேலை பார்க்கும் சிங்காரவேல் வந்து சொல்லிவிடுவார். ஊரிலுள்ள எந்திரங்களின் நடுக்கத்தையெல்லாம் அளக்கிற எனக்கு, என் சொந்தக் கார் ஏன் நடுங்குகிறது என்று நான்கு மாதமாகத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், வடலூரிலிருந்து திரும்பி வரும்போது, முன்னால் போன லாரி திடீரென்று நின்றதால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தேன். ஸ்டியரிங் இரண்டு கையிலும் படபடவென்று அடித்தது. என் மனைவி மடியில் வைத்திருந்த தூக்குவாளியின் மூடி தானாகத் தாளம் போட்டது. அதன் பிறகு எண்பதில் எப்போது பிரேக் பிடித்தாலும் அதே கதைதான். பிரேக் பிடிக்காதவரை வண்டி ஆடாது. "அப்ப புடிக்காமயே ஓட்டுங்க" என்று என் மனைவி சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அதன் பிறகு இது வீல் பேலன்ஸ் கோளாறு என்று நானே முடிவு செய்து, பேலன்ஸ் பார்க்கும் கடையில் இரண்டு தடவை பார்க்கச் செய்தேன். ஆட்டம் நிற்கவில்லை. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றினேன். நிற்கவில்லை. அதன் பிறகு அலுவலகத்திலிருந்து பேனா மாதிரி இருக்கும் அதிர்வுமானியை ஒரு சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வந்து, அதை ஸ்டியரிங்கில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி என் மனைவியிடம் சொன்னேன். இந்த வாக்கியத்தை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டுவிட்டது.

இந்த விவரம் எப்படியோ சிங்காரவேலுக்குத் தெரிந்து, கேன்டீனில் இருபது பேர் நடுவில், "கன்வேயரெல்லாம் அண்ணன் சொன்னா நிக்குது, அண்ணன் வண்டி மட்டும் அண்ணனைப் பாத்து நடுங்குதே" என்றார். அன்று நான் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு வடலூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மேற்படி சடையப்பனிடம் வண்டியை விட்டேன். அவர் நட்டுகளை மெஷினால் கழற்றி, பிரேக் பேடுகளைத் துடைத்து மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஓட்டியது எங்கே என்றால், இருநூறு அடிக்கு ஒரு வேகத்தடை இருக்கிற எங்கள் நகரியத்துக்குள். வேகம் நாற்பது. "ஆட்டமே இல்லியே சார்" என்றார். எண்பதில்தான் ஆடும் என்று சொன்னேன். அடுத்த வாரமும் நாற்பது. "நல்லாத்தான் ஓடுதுங்க." மூன்றாவது தடவை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "வண்டி ஆடல சார். உங்க கைதான் ஆடுதோ என்னமோ, பிரசரு கிரசரு பாத்துக்கங்க" என்றார். அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் கை ஆடவில்லை. இப்போதும் ஆடவில்லை. உதவி ஆய்வாளர் முன்னிலையில் நீட்டிக் காட்டினேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்குப் பட்டறைக்குப் போனேன். சடையப்பன் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் ஒரு ஜாங்கிரிப் பெட்டி. தன் மகள் சண்முகப்பிரியாவைப் பெண் பார்க்கப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து நான்கு மணிக்கு வருகிறார்கள் என்றும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றும் சொன்னார். "பஸ் எதுக்குங்க, ஏறுங்க, நானே கொண்டுபோய் விட்டுடறேன்" என்றேன். இது உதவி. புகாரில் இதைக் கடத்தல் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் தானாகத்தான் ஏறினார். சீட் பெல்ட்டைக்கூடத் தானாகத்தான் மாட்டிக்கொண்டார்.

முத்தாண்டிக்குப்பம் போக வடக்கே திரும்ப வேண்டும். நான் தெற்கே திரும்பினேன். சேத்தியாத்தோப்பு சாலைதான் எண்பதுக்குத் தோதானது என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு உள்நோக்கம் கிடையாது. "சார், வூடு அந்தாண்ட சார்" என்றார். "ஒரே ஒரு பிரேக். உங்க உடம்புல தெரியட்டும். உடனே திருப்பிடறேன்" என்றேன்.

அதன் பிறகு எண்பதைத் தொட்டபோது எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. அது போனதும் ஆடுகள் வந்தன. அவை போனதும் ஒரு பஸ் என்னை முந்திக்கொண்டு வந்து முன்னாலேயே நின்றது. ஒருவழியாக எண்பதில் பிடித்தேன். வண்டி பட்டுப்போல் நின்றது. "நான்தான் சொன்னனே சார்" என்று சடையப்பன் சொன்னார். அப்போதுதான் எனக்குக் கண்மண் தெரியாமல் போனது. நான்கு மாதமாக என்னை ஊர் சிரிக்க வைத்த வண்டி, சாட்சி உட்கார்ந்ததும் சாதுவாகிவிட்டது. மறுபடி எண்பது, மறுபடி பிரேக். "சார், மணி மூணேகாலு. அவங்க வந்து உக்காந்துடுவாங்க. திருப்பு சார்." நான் திருப்பவில்லை. பதினோரு தடவை பிடித்தேன். பன்னிரண்டாவது தடவை ஸ்டியரிங் உதறியது. ஜாங்கிரிப் பெட்டி பறந்து கண்ணாடியில் அடித்துத் திறந்துகொண்டது. "ஆடுச்சா, ஆடலையா? சொல்லுய்யா!" என்று கத்தினேன். "ஆடுது சார், ஆடுது! சூடேறினாத்தான் காட்டுது போல. வுடு சார் என்னை" என்றார். நான் உரக்கச் சிரித்ததாகப் புகாரில் உள்ளது. சிரித்தேன்.

அதன் பிறகாவது நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை நேரத்தை வீணாக்கியது சடையப்பன். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பட்டு மாதிரி இருந்த வேட்டியோடு மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டிக்கியிலிருந்த ஸ்பேனரை எடுத்து முன் சக்கரத்து நட்டைத் திருகினார். அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். அசையவில்லை.

"பொங்கலுக்கு என்ன சார் பண்ணீங்க வண்டிய?"

"ஒண்ணும் இல்ல. பஞ்சர். நானே வீல் மாத்தினேன்."

"இத டைட்டு பண்ணது யாரு?"

"நான்தான். கடைக்காரன் மாட்டினாலும் வீட்டுக்கு வந்து நான் ஒரு தடவை பாத்துடுவேன்."

"எதால பாத்தீங்க?"

ஸ்பேனர் பிடியில் நான்கடி இரும்புக் குழாயைச் செருகி, முழு எடையையும் போட்டு, நட்டு கீச்சென்று கத்துகிறவரை அழுத்துவேன் என்று சொன்னேன். எங்கள் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். கத்தாத நட்டை நாங்கள் நம்புவதில்லை.

சடையப்பன் எழுந்து நின்று, எங்கள் உறவில் முதல்முறையாக 'சார்' போடாமல், "யோவ், இது காருய்யா! கன்வேயரு இல்ல! நீ முறுக்கின முறுக்குல டிஸ்க்கு கோணிகினு நிக்குது, பிரேக் புடிச்சா ஆடாம பரதநாட்டியமா ஆடும்? பேலன்ஸ் போச்சின்னா பிரேக் புடிக்காமலே ஆடுமே, அதுகூடத் தெரியாம என்னாய்யா அதிர்வு அளக்குற?" என்று கேட்டார். நான் பதிலுக்குச் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுத வேண்டியதில்லை என்று உதவி ஆய்வாளரே சொல்லிவிட்டார்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது நான்கு இருபதுக்குக் கலியம்மாளிடமிருந்து போன் வந்தது. சடையப்பன் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி, "அம்மா, உங்க வீட்டுக்காரர் என்கிட்டதான் இருக்கார். நான் கேட்டதை ஒத்துக்கிட்டார்னா விட்டுடறேன்" என்றேன். நான் கேட்டது, நாற்பதில் ஓட்டிப் பார்த்தது தப்பு என்று அவர் ஒத்துக்கொள்வதைத்தான். எனக்கு மறுபக்கம் யார் யாரோ அலறும் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு வடலூரில் போலீசார் எங்கள் வண்டியை நிறுத்தினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்து, அரை மணி காத்திருந்து, எழுந்து போய்விட்டார்கள். போனில் வந்த செய்தியை அவர்கள் நம்பவில்லை. பெண்ணின் அப்பன் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எங்கேயோ குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று தெருவில் யாரோ அவர்கள் காதில் போட்டதாகத் தெரிகிறது. இன்று விசாரணையில் கலியம்மாள் சொன்னது: "இந்தாளு ஜெயிலுக்குப் போவணும்னு எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். எம்புருசன் அன்னிக்கு குடிச்சிட்டுக் கெடக்கலன்னு சீல் வச்ச காயிதம் ஒண்ணு வேணும். அத எடுத்துகினு போயி அவங்க மூஞ்சி முன்னால விரிக்கணும். எம்பொண்ணு அழுதுகினு கெடக்குது."

எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் மெமோ வரும் என்று சிங்காரவேல் போனில் சொன்னார். குரலில் சந்தோஷம் இருந்தது. வரட்டும். எனவே கேட்பவர் எவரும் அறியும்படி சொல்கிறேன்: ஞாயிறு மதியம் இரண்டு பத்திலிருந்து மாலை ஐந்து வரை சடையப்பன் என் காரில், என் பக்கத்து சீட்டில் இருந்தார். அவர் இறங்கக் கேட்டும் நான் இறக்கவில்லை. ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடிக்க நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மகளின் விசேஷத்துக்கு அவர் போகாததற்கு முழுக் காரணம் நான். இதன் நகலைக் கலியம்மாளிடம் கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

நட்டை நான் அளவுக்கு மீறி முறுக்கியதாகவும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சடையப்பன் கேட்டார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளைக் கடத்தினேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நட்டு சரியாகத்தான் முறுக்கப்பட்டது என்று உதவி ஆய்வாளரிடம் உறுதியாகத் தெரிவித்தேன்.

மேலே உள்ளவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நட்டு வருகிற இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னவையே, நடந்தவையே.

(ஒப்பம்) நா. வேலுமணி

ஒப்பமிட்ட பிறகு கேட்டதற்குச் சொன்னது: இன்று நிலையத்துக்கு நான் சடையப்பனின் மோட்டார் சைக்கிளில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கார் நேற்றிலிருந்து அவருடைய பட்டறையில், முன் சக்கரங்கள் இரண்டும் கழற்றிய நிலையில் இருக்கிறது.