தெரிந்த குரல் வேண்டாம்

போதிய காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

தலைமை நாற்காலியில் மூன்றாம் முறையாக அமர்ந்து அந்த நாற்காலிக்கே பெருமை தேடித்தரும் பெருமதிப்பிற்குரிய நாகேஸ்வரன் அவர்களே! பேசுபவர் முக்கியமான இடத்துக்கு வரும்போது தவறாமல் மணியடிக்கும் கடமை வீரர், செயலாளர் பிச்சுமணி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, முன்வரிசை கிடைக்காத மூத்தோர்களே! ஆரியசாலையில் கடையைப் பாதி அடைத்துவிட்டு வந்து, மீதிப் பாதியை நினைத்துக்கொண்டிருக்கும் வணிகப் பெருமக்களே! வலியசாலைத் தெருக்களின் விளக்குகளாகிய தாய்மார்களே! தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லும் இளைஞர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த வணக்கத்தை நான் மேடையில் சொல்லப்போவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நம் சமாஜத்தின் ஆண்டு விழா அழைப்பிதழில் என் பெயர் இல்லை. சென்ற ஆண்டு இருந்தது. பாதிப் பேச்சில் ஒலிபெருக்கி நின்றது. மின்தடை என்றார்கள். தலைக்கு மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அதனால் மேடையில் பேச வேண்டியதைத் தாளில் பேசுகிறேன். தாளுக்கு யாரும் மணியடிக்க முடியாது.

பொருள் இதுதான். எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் வயதானவர்களுக்குத் தொலைபேசி வழியாக மன ஆதரவு அளிக்கும் சேவை. இந்த ஊரில் ஒரு சிறிய அறக்கட்டளை அதை மலையாளத்தில் நடத்திவந்தது. தமிழிலும் வேண்டும், துயரத்தை யாரும் அலுவலக மொழியில் அழுவதில்லை என்று வாதாடி, சமாஜத்தின் ஆதரவைச் சேர்த்து, வேண்டிய கடிதங்களையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தவன் நான். தொடக்க விழாப் பதாகையில் பந்தல் போட்டவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. போகட்டும்.

முதியவர்களுக்கு இந்த நோயா என்று பின்வரிசையில் ஒருவர் முகம் சுளிக்கிறார். சுளியுங்கள் ஐயா, சுளித்தபடியே கேளுங்கள். மருந்து வந்தது. மருந்தை ஒழுங்காக உண்டவர் வாழ்ந்தார். வாழ்ந்தவருக்கு வயதாயிற்று. இதில் என்ன அதிசயம்? சுவரொட்டியில் இளஞ்சோடியின் படம் போடுகிறோம். மூட்டுவலியும் சர்க்கரையும் இந்த இரகசியமும் சேர்ந்து சுமக்கும் அறுபது வயதுக்காரரின் படத்தை எந்தச் சுவரில் பார்த்தீர்கள்? அவர் உடலை மருத்துவர் பார்ப்பார். உள்ளத்தை யார் பார்ப்பது? செத்தால் என்னை யார் குளிப்பாட்டுவார்கள் என்ற கேள்வியை அவர் யாரிடம் கேட்பது? அதற்குத்தான் தொலைபேசி. வாரம் ஒரு முறை ஒரு குரல் அழைக்கும். முகம் இல்லை, தெரு இல்லை, குலம் கோத்திரம் இல்லை. குரல் மட்டும்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். பாகீரதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. நம் தெருவில் உள்ள மெய்யான பாகீரதிகள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

கணவரிடமிருந்து அவருக்கு வந்தது. கணவர் இறந்தபோது தெரு மஞ்சள் காமாலை என்று பேசிக்கொண்டது. அவரும் அப்படியே பேசவிட்டார். பிறகு மடி ஆசாரத்துக்குள் புகுந்துகொண்டார். தனிப் பாத்திரம், தனி அடுப்பு, தனித் துணிக்கொடி. யாரையும் தொடமாட்டார், யாரும் தொட முடியாது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? என்ன ஆசாரம், என்ன அனுஷ்டானம் என்று மெச்சினீர்கள். உங்கள் மருமகள்களுக்கு அவரை உதாரணம் காட்டினீர்கள். அது ஆசாரம் அல்ல, அச்சம். தன் கை பட்டால் பிறருக்கு ஒட்டிவிடும் என்ற அச்சம். சிறைக்குள் ஒருத்தி இருந்தாள். சிறையைக் கோயில் என்று கும்பிட்டோம்.

மருத்துவமனையில் யாரோ சொல்லி இந்தத் தொலைபேசிச் சேவையில் சேர்ந்தார். வியாழக்கிழமை மதியம் அழைத்த குரலின் பெயர் ஜெஸ்லின். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். முதல் கேள்வியே இதுதான்.

"அம்மா, சோறு தின்னீளா?"

பாகீரதி திகைத்துப்போனார். "எங்காத்துல பசுமாட்டைத்தான் அப்படிக் கேப்பா."

"அப்படியா? பசுமாடு தின்னாச்சா?"

பாகீரதி சிரித்துவிட்டார். கணவர் போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று பிறகு அவரே தன் தம்பியிடம் சொன்னார். வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள் என்று அந்தப் பெண் வாரம்தோறும் வற்புறுத்தியதால், அவர் விஷயத்தைச் சொன்ன ஒரே ஆள் அந்தத் தம்பி.

பெங்களூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது நடந்த பேச்சையும் கேளுங்கள்.

"பேரன் வந்திருக்கான். உள்ளே நின்னுண்டே பாத்தேன்."

"தூக்கலியா?"

"மடின்னுட்டேன்."

"மடின்னா என்னம்மா?"

பாகீரதி விளக்கினார். எதிர்முனை பொறுமையாகக் கேட்டது. பிறகு கேட்டது: "அது செரி. உங்க அசுகத்துக்கும் அதுக்கும் என்னம்மா பந்தம்?"

பாகீரதி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "என் கையிலேருந்து கொழந்தைக்கு ஒட்டிண்டா?"

"தொட்டா ஒட்டாது. முத்தங்குடுத்தா ஒட்டாது. ஒரே தட்டுல தின்னாலும் ஒட்டாது. டாக்டரு சொன்னதத்தான் நானும் சொல்லுகேன். போய்த் தூக்குங்க. நான் போனை வெக்கமாட்டேன்."

தூக்கினார். குழந்தை வீறிட்டு அழுதது.

"அழறதே!"

"அழட்டும்மா. பழக்கமில்லாத ஆளு தூக்கினா பிள்ள அழத்தான் செய்யும். நாளைக்குப் பாருங்க."

மறுநாள் அழவில்லை. டாக்டரும் இதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டருக்கு முன் வரிசையில் நின்றுகொண்டு, பேரனைத் தொடலாமா என்று எந்தப் பாட்டி கேட்பாள்? தம்பி வரும்போதெல்லாம் காப்பி டம்ளரைத் தரையில் வைத்து நகர்ந்துகொள்ளும் பாகீரதி, அந்த மாதத்திலிருந்து கையில் கொடுத்தார். கையில், தோழர்களே, கையில்! சூடு தாங்காமல் தம்பிதான் கீழே வைத்தார்.

இப்படி நடந்துகொண்டிருந்ததை நாம் எப்படிக் கெடுத்தோம்? கெட்ட எண்ணத்தால் அல்ல. அப்படியிருந்தால் சுலபமாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். பாசத்தால் கெடுத்தோம்.

நான் கலந்துகொண்ட கடைசிச் செயற்குழுக் கூட்டம். கடைசி என்பது என் விருப்பமல்ல. தலைவர் தொடங்கினார்.

"ஓய், நம்ம ஆதரவிலே நடக்கற சேவை. நம்ம மனுஷாளோட நம்ம மனுஷா பேசினாப் போறாதோ? அந்தப் பொண்ணு பேசறது என்ன தமிழாக்கும்! பஸ் ஸ்டாண்டிலே கூப்பிடறாப்பலே இருக்கு."

"நம்ம மனுஷா பேசப்படாதுன்னுதான் அந்நியப் பொண்ணை வெச்சிருக்கு" என்றேன்.

"உமக்கு எல்லாத்துக்கும் ஒரு தடசம், ஒரு ஆட்சேபம்" என்றார் பிச்சுமணி. "லேடீஸ் விங்கிலே நாலு பேர் ரெடி. ட்ரெயினிங் கொடுத்தாப் போச்சு."

"அது கிடக்கட்டும்" என்றார் தலைவர். "ஆண்டு விழாவிலே பயனடைஞ்சவா ஒருத்தரையாவது மேடையேத்திப் பொன்னாடை போத்தணும். ஜனங்களுக்கு ஒரு விசுவாசம் வரண்டாமா?"

"நாகேஸ்வரன், அவாளுக்கு வேண்டியதே யாருக்கும் தெரியாம இருக்கறதுதான்."

"பேர் சொல்லண்டாம், ஓய். சும்மா மேடையிலே வந்து நின்னாப் போறும்."

சிரிக்காதீர்கள். இது சபையில் நிறைவேறிய தீர்மானம். உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பொன்னாடை போர்த்தினால் எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்று நம்புகிற கூட்டம் நாம். பிறந்தநாளுக்குப் பொன்னாடை, பணி ஓய்வுக்குப் பொன்னாடை. ஒளிந்து வாழ்பவருக்கும் ஒளிவிளக்கின் கீழே பொன்னாடை! இதோ ஞாயிற்றுக்கிழமை அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது: பயனாளி கௌரவிப்பு.

அதற்கு முந்தியது குரல் மாற்றம். ஜெஸ்லினுக்குப் பதில் வியாழக்கிழமை அழைப்புகளை ஏற்றவர் திருமதி ஸ்ரீலட்சுமி நாகேஸ்வரன். அவர் நல்லவர். இதில் எள்ளல் எதுவும் இல்லை. பயிற்சியில் ஒரு வகுப்பும் தவறவில்லை, அவர் கையில் கொடுத்தது பெயரில்லாத தொலைபேசி எண்கள்தான், யார் எவரென்று கேட்கவும் இல்லை. ஆனால் நவராத்திரி முழுவதும் அவர் பாடும் குரல் ஒலிபெருக்கியில் நம் ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் வருகிறதே! அந்தக் குரலைத் தெரியாதவர் நம்மில் யார்?

பாகீரதிக்கு ஒரு பழக்கம் உண்டு. தொலைபேசியை எடுத்தால், எதிர்முனை பேசும்வரை பேசமாட்டார். அது அன்று அவரைக் காப்பாற்றியது.

"நமஸ்காரம், சுகமா இருக்கேளா?" என்றது குரல்.

வைத்துவிட்டார். அதன்பின் எந்த வியாழக்கிழமையும் எடுக்கவில்லை.

தம்பி போனபோது காப்பி டம்ளர் தரையில் இருந்தது.

"கையிலே தா அக்கா."

"நான் மடி."

"அந்தப் பொண்ணு கூப்பிடலையா?"

"கூப்பிட்டது ஸ்ரீலட்சுமி."

"நீதான்னு அவளுக்குத் தெரிஞ்சுதா?"

"நான் வாயே திறக்கலை. அடுத்த தடவை இருமிட்டா? இந்தத் தெருவுக்கு இருமினாப் போறும்டா, இன்னார்னு சொல்லிடுவா."

"மாத்திரை சாப்பிடறயோ?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது தீர்ந்துபோச்சு. வாங்கப் போறச்சே யாராவது கண்டாலோ?"

கேட்டீர்களா? இதுவரை மருத்துவமனைக்குத் தயங்காமல் போய்வந்தவர். ஒரு குரல் மாறியதும் ஊர் முழுவதும் கண்ணாகிவிட்டது அவருக்கு. மாத்திரை நின்றால் அடங்கியிருக்கும் கிருமி மறுபடி எழும். இது மேடை அலங்காரம் அல்ல, மருத்துவம். இப்போது ஆபத்தில் இருப்பது என் கௌரவம் அல்ல, உங்கள் கௌரவமும் அல்ல. ஒரு பெண்ணின் உயிர்.

பொறுங்கள். அது யார் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டீர்கள். விதவை, பேரன், பெங்களூர், தம்பி என்று விரல் மடக்குகிறீர்கள். நிறுத்துங்கள். பேரன் பேத்தியாக இருக்கலாம். பெங்களூர் மும்பையாக இருக்கலாம். அப்படியும் தேடித்தான் தீருவீர்கள் என்றால், நம் தெருக்களில் மடி பார்க்கும் அத்தனை பேரையும் சந்தேகியுங்கள். உங்கள் தாயாரிலிருந்து தொடங்குங்கள். முடிகிறதா? முடியாதல்லவா? அந்தக் கூச்சம் இருக்கிறதே, அதை எல்லோருக்கும் வையுங்கள்.

நம்மவருக்கு நம்மவர் உதவுவது நல்லதுதான். கல்யாணத்துக்கு உதவுங்கள், காரியத்துக்கு உதவுங்கள். சில கண்ணீருக்கு மட்டும் நம்மவர் ஆகாது. நம்மவர் கண்ணுக்கு அஞ்சியே பெருகும் கண்ணீரை நம்மவர் கை எப்படித் துடைக்கும்? அதற்கு அந்நியம் வேண்டும். அடுத்த தெருவில் பார்த்தாலும் அடையாளம் தெரியாத அந்நியம் வேண்டும். சோறு தின்னீளா என்று கேட்கும் அந்நியம் வேண்டும்!

ஆகவே கேட்கிறேன், கெஞ்சவில்லை. வியாழக்கிழமையை ஜெஸ்லினிடம் திருப்பிக் கொடுங்கள். அழைக்க அவர் தயாராக இருக்கிறார். "அந்தப் பொண்ணே பேசினா எடுக்கறேன், மாத்திரையும் வாங்கிக்கறேன்" என்று பாகீரதியும் தம்பியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் பயனாளி கௌரவிப்பு என்ற அந்த ஒரு வரியை நீக்குங்கள். வாங்கிய பொன்னாடையைத் தலைவருக்கே போர்த்திவிடுங்கள், அவர் மறுக்கமாட்டார். பயனடைந்தவர் யார் என்று இனி எந்தக் கூட்டத்திலும் கேட்காதீர்கள்.

எழுந்து போகாமல் கேட்டவர்களுக்கு என் நன்றி. எழுந்து போனவர்களும் நம்மவரே, அவர்களுக்கும் என் கும்பிடு. தமிழ் வாழட்டும். அதைப் பேசும் முதியவர்களும் கொஞ்சம் வாழட்டும்.

பேச்சு இங்கே முடிகிறது. இதற்குக் கீழே உள்ளது தபாலில் போகாது.

அந்தத் தம்பி நான்தான்.

கீழே என் பெயரைப் பட்டங்களோடு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பதாகையில் விட்ட பெயரை, அழைப்பிதழிலிருந்து நீக்கிய பெயரை, ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் என் பெயர் தெரிந்தால் என் வீடு தெரியும். எனக்கு ஒரே அக்கா.

பெயரை விட்டால் மட்டும் போதாது. மின்விசிறி சுற்றியதும், பதாகையும், ஆங்கிலக் கடிதமும், பிச்சுமணியின் மணியும், செயற்குழுவில் நான் சொன்ன பதில்களும் போக வேண்டும். என் கோபங்களை இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முகத்தைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றாக அடித்து நீக்கினேன். எழுதியதில் எனக்குப் பிடித்த வரிகள் அவைதான். தம்பி வரும் இடங்களில் உறவினர் என்று மாற்றினேன். மீதியைத் தட்டச்சு செய்துவிட்டேன்.

தாள் கைக்கு வந்ததும் நாகேஸ்வரன் படித்துவிட்டு, "கெட்டிக்காரனா எழுதியிருக்கானே, யாராயிருக்கும்?" என்று கேட்பார். நான் அருகில் இருந்தால், நானும் தாளை வாங்கிப் பார்த்து, யாராயிருக்கும் என்று அவரோடு சேர்ந்து வியக்க வேண்டியிருக்கும்.

வியந்துகொள்கிறேன். கையெழுத்தில்லாமல் தபாலில் போடுகிறேன்.