பன்னிரண்டாம் பிளாக்குக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

என் பெயர் ரலித்சா மினேவா, வயது முப்பத்து நான்கு, தகப்பனார் பெயர் மினோ. பல்கேரியா, கமென்போல்யே ஊர், கிழக்குக் குடியிருப்பு, ஐந்தாம் பிளாக், மூன்றாம் மாடியில் வசிக்கிறேன். ஊரில் ஆம்புலன்ஸ் நடத்தும் ஒரு தனியார் கம்பெனியில் வலைப்பக்கங்களுக்கு புரோகிராம் எழுதுகிறேன். இந்தப் போலீஸ் நிலையத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். எங்கள் ஓட்டுநர் தோஷ்கோ பானேவ் செய்யாத தப்புக்கு உள்ளே இருக்கிறார், அதனால் வந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் போன் எடுப்பவர் ஸ்தான்கா. அவர் முகவரியை என்னுடைய பக்கத்தில் பதிவார், அது வண்டியில் பொருத்திய சிறு திரைக்குப் போய்ச் சேரும். திரையில் காட்டும் பக்கத்தை எழுதியவர் எனக்கு முன்னால் வேலையில் இருந்து, பிறகு ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஓடுகிறதைத் தொடாதே என்பது எங்கள் முதலாளி ஓக்னியான் வெலேவின் உத்தரவு, ஆகவே அதை நான் திறந்தும் பார்த்ததில்லை.

சென்ற திங்களன்று ஸ்தான்கா என்னைக் கூப்பிட்டு, பிளாக் எண்கள் வரிசை கெட்டு வருகின்றன என்றார். "ஒன்னுக்கு அப்புறம் பத்து, பதினொன்னு, அப்புறம் ரெண்டு. உங்க பள்ளிக்கூடத்துல இப்படித்தான் எண்ணச் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் எண்ணை எழுத்தாகப் பார்த்து அடுக்கினால் அப்படித்தான் வரும். அதற்கு எல்லோரும் செய்கிற வைத்தியத்தையே நானும் செய்தேன், அதாவது எல்லா எண்களும் மூன்று இலக்கம் ஆகும்படி முன்னால் பூஜ்யம் நிரப்பினேன். ஐந்து 005 ஆயிற்று, பன்னிரண்டு 012 ஆயிற்று, வரிசையும் சரியாயிற்று. அதன் பிறகு என் சொந்த பிளாக்கான ஐந்தைப் பதிந்து, வண்டித் திரையில் ஐந்து என்றே வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழனன்று மதியம் மில்கோ திராகனோவ் என்பவர் போன் செய்து, மனைவி த்சோனாவுக்கு மூச்சு இழுக்கிறது, பன்னிரண்டாம் பிளாக் என்று சொன்னார். ஸ்தான்கா பன்னிரண்டு என்றே பதிந்தார். அதன் பிறகு தோஷ்கோ வண்டியை எடுத்துக்கொண்டு பத்தாம் பிளாக்குக்குப் போனார். எங்கள் குடியிருப்பில் கட்டிய வரிசையில் எண் போட்டதால் பத்தும் பன்னிரண்டும் அடுத்தடுத்து இல்லை, நடுவில் ரயில் பாதை கிடக்கிறது. தோஷ்கோ பத்தில் எல்லா மணிகளையும் அடித்துப் பார்த்துவிட்டு, ரேடியோவில், "ஸ்தான்கா, திராகனோவ்னு இங்க யாருமே இல்ல" என்றார். ஸ்தான்கா, "அடப்பாவி, பன்னிரண்டுக்குப் போகச் சொன்னா பத்துல நின்னு என்ன பண்றே?" என்றார். அதன் பிறகு வண்டி திரும்பியபோது சரக்கு ரயிலுக்காகக் கேட் போட்டிருந்தார்கள். வண்டி போய்ச் சேர்ந்தபோது த்சோனா இறந்திருந்தார். சைரன் சத்தம் பாதைக்கு அந்தப் பக்கம் கேட்டதாகவும், வேறு எவனுக்கோ நம்மைவிட அவசரம் போல என்று மனைவியிடம் சொன்னதாகவும் மில்கோ பிறகு சொன்னார்.

மில்கோ கல்லை எடுத்து வண்டியின் கண்ணாடியையும் உள்ளே இருந்த திரையையும் உடைத்துவிட்டார். அதன் பிறகு போலீசார் அதே பக்கத்தைத் தங்கள் போனில் திறந்து பார்த்தார்கள், பன்னிரண்டு என்றே வந்தது. முதல் நாள் தங்கையின் பெயருக்குரிய புனிதரின் திருநாள் விருந்தில் தோஷ்கோ ரக்கியா என்ற பழச்சாராயம் குடித்திருந்ததும் வெளியே வந்தது. அதற்குப் பின் அவர், எண்ணை நான்தான் தப்பாகப் படித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அது ஒப்பவில்லை. இருபது வருடம் பிளாக் எண் பார்த்து ஓட்டியவர் அவர். வெள்ளியன்று இரண்டாவது வண்டியில் ஏறி, அதே மாதிரிப் பழைய திரையை வைத்துக்கொண்டு பன்னிரண்டைப் பதிந்தேன். பத்து என்று வந்தது. எட்டைப் பதிந்தேன், பூஜ்யம் வந்தது. அந்தத் திரையிலுள்ள பழைய பிரவுசர், முன்னால் பூஜ்யம் நின்றால் அதை எட்டு எட்டாக எண்ணும் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒன்றும் இரண்டும் என்றால் ஓர் எட்டும் மேலே இரண்டும், ஆகப் பத்து; எட்டு என்ற இலக்கமே அதில் கிடையாது, அதனால்தான் பூஜ்யம். ஏழு வரை இரண்டு கணக்கும் ஒன்றுதான், அதனால்தான் என் ஐந்து பிசகவில்லை. புதுப் போன்களில் இந்தப் பழக்கம் இல்லை. பத்துப் பத்தாக எண்ணு என்று எண்ணைப் படிக்கும் வரியில் ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும், ஜெர்மனிக்குப் போனவர் சேர்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அதன் பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அவனே ஒத்துக்கிட்டான். பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு, நீ ஏன் தட்டி விடுறே? பேசாம அந்தப் பூஜ்யத்தை எடுத்துட்டு வேலையப் பாரு" என்றார். நான் எடுக்கவில்லை. அந்த இரண்டாவது வண்டியின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது, இன்றைக்கே போய் யாரும் பதிந்து பார்க்கலாம். வண்டியை மட்டும் ஓட்ட விடாதீர்கள்.

நேற்றுச் சிறையில் தோஷ்கோவைப் பார்த்தேன். முகம் சவரம் செய்யாமல் இருந்தார். "ரலித்சா, என் கண்ணு பத்துன்னுதான் பார்த்துச்சும்மா. ஆனா ஊரே பன்னிரண்டுங்குது. ஊரு பூரா பொய் சொல்லுமா? குடிதான் என் கண்ணக் கட்டிருச்சு. நான் அந்தப் பொண்ணக் கொன்னுட்டேன்ல?" என்றார். "அண்ணே, அது அப்படி இல்லண்ணே" என்று நான் ஆரம்பித்ததுமே காவலர், வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன், நேற்று வாக்குமூலம் எழுதும் அதிகாரி போய்விட்டிருந்ததால் இன்று காலையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மில்கோ இனி என் மேல் கல் எடுத்தால் அவர் மேல் புகார் கொடுக்க மாட்டேன். நான் சொன்னதை அதிகாரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார், சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. இதைக் கோப்பில் வைப்பதற்கு முன்னால் தோஷ்கோ பானேவுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டேன். முழுவதையும் வாசித்துக் காட்ட முடியாது என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் ஒரு வரி மட்டும் போதும், அவர் பார்த்தது பத்துதான் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

(ஒப்பம்) ரலித்சா மினேவா