வண்டலூர்க் குழியின் கிழக்குச் சுவர்

தாம்பரத்தில் காலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு அன்றைய நாள் நன்றாகவே போகும். வண்டலூர் தாண்டி வரும் அந்தப் புல்வெளியை அப்படித்தான் முதலில் பார்த்தேன். தொண்ணூற்று மூன்றில் அங்கே மனைக்கல் நட்டுவிட்டார்கள். தை பிறந்ததும் வீடு கட்டத் தொடங்குவதாகப் பேச்சு.

நான் கல்லூரியில் மண் ஆராய்ச்சி செய்பவள், சார். புல்லும் மரமும் மக்கிப் போனாலும் அவற்றின் கரி மண்ணில் தங்கிவிடும். இந்தப் பக்கத்துப் புல்லின் கரி மரத்தின் கரியைவிடத் துளியூண்டு எடை கூடியது. அடுக்கடுக்காக மண்ணெடுத்து அளந்தால், பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் அங்கே நின்றது காடா புல்லா, மழை பெய்ததா பொய்த்ததா என்று சொல்லிவிடலாம். அதற்கு ஆழமான குழியும் கலையாத சுவரும் வேண்டும்.

குழி வெட்டியவர் சம்பந்தம். அவர் மனைவி செல்லியம்மாள் கூடையில் மண் சுமந்தாள். ஐப்பசி மாதம், மேகம் கட்டியிருந்தது. செல்லியம்மாள் டீ வாங்க ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போயிருந்தாள். சம்பந்தம் உள்ளே நின்று கிழக்குச் சுவரைக் கரண்டியால் சீவிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மேற்குச் சுவர் சரிந்தது. மார்பு வரை மூடிவிட்டது. கிழக்குச் சுவரின் ஒரு முனை மட்டும் அடிவரை திறந்திருந்தது. கைகள் மட்டும் வெளியே இருந்தன.

“காலு மாட்டிகிச்சும்மா. ஆள இட்டுகினு வாங்க,” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ரயில்வே கேட் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். கூப்பிட்டால் வந்திருப்பார்கள். கடப்பாரையோடு குழிக்குள் குதித்திருப்பார்கள். கிழக்குச் சுவர் போயிருக்கும். எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதனால் ஏணியில் இறங்கினேன்.

சுவரின் மண்ணை அடியிலிருந்து மேலாக எடுத்து வரவேண்டும், இல்லாவிட்டால் மேல்மண் விழுந்து கலந்துவிடும். பையின் வாயை விரித்துப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. சம்பந்தத்திடம் நீட்டினேன். பிடித்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்தால் பயம் தெரியாது என்று, அந்தக் காலத்துப் புல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எடுத்தேன்.

“மூச்சு முட்டுதும்மா. இத அப்பால பண்ணக் கூடாதா?”

“அப்புறம் முடியாது சம்பந்தம். மழை வந்துடும்.”

“சரிம்மா.”

அவர் பிடியிலிருந்து பை நழுவியதும் அதை என் முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டேன். கடைசிப் பையோடு மேலே ஏறிய பிறகுதான் மீதி மண் இறங்கியது.

செல்லியம்மாள் தூக்குவாளியோடு வந்தபோது நான் பைகளின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எங்கே என்று கேட்டாள். குழியைக் காட்டினேன்.

அப்போது விபத்து என்று முடித்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து இப்போது அவள் மனு கொடுத்ததால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ‘மனுசன் உள்ள கெடக்கறான், இவங்க மண்ண மூட்ட கட்டிகினு கீறாங்க’ என்று சொன்னாளாம். உண்மைதான்.

அவளுக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். சுவர்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகைகளை அன்று காலை எடுக்கச் சொன்னது நான். பலகை மறைத்தால் அடுக்குகள் தெரியாது. எடுத்தால் சரியும் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகுதான் அவரை இறக்கினேன்.

அடியில் புல்தான் இருந்தது, சார். வெகுகாலம் மழை குறைந்த நிலம். மேலே வரவர மரங்கள். கட்டுரை வெளியாகிவிட்டது. உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் சம்பந்தத்தின் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். செல்லியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது அதைத் தமிழில் எடுத்துச் சொன்னால் அவளுக்கு மனசு ஆறிவிடும்.