அண்ணன் கிளப்பிய வண்டி

துயாரா: கதவைச் சாத்து மிச்சில். பனிப்புகை மொத்தமும் உன்கூடவே உள்ள வருது.

மிச்சில்: சாத்திட்டேன் அண்ணி. அண்ணன் வண்டி டேங்கை நிரப்பியாச்சு. சைலன்சர் குழாயில அடைச்சிருந்த ஐஸையும் கம்பியால குத்தி எடுத்துட்டேன். நாளைக்குக் காலை வரைக்கும் கவலை இல்லாம ஓடும்.

துயாரா: நாளைக்குக் காலை வரைக்கும் வேண்டாம். இன்னைக்கே அணைச்சிடு.

மிச்சில்: என்னது?

துயாரா: வண்டியைத்தான் சொல்றேன். அணைச்சிடு. டீ ஊத்தவா?

மிச்சில்: அண்ணி... வெளியே பூஜ்யத்துக்குக் கீழே அம்பத்திரண்டு. இதுல அணைச்சா, வசந்தத்துல லேனா ஆத்துப் பனி உடையிற வரைக்கும் அது கிளம்பாது.

துயாரா: கிளம்பாட்டிப் போகட்டும்.

மிச்சில்: பேட்டரி விறைச்சுப் போயிடும். ஆயில் கெட்டித் தயிராயிடும். பெட்ரோல் குழாயில இருக்கிற ஈரம் வேற...

துயாரா: ஐஸாயிடும். தெரியும்பா. நானும் இதே ஊர்லதான் பிறந்தேன். அந்த டொக்கு டொக்கு உனக்குக் கேக்குதா இல்லையா?

மிச்சில்: எது?

துயாரா: எஞ்சின் தட்டுது.

மிச்சில்: குளிர்ல எல்லா வண்டியும்தான் தட்டும்.

துயாரா: உன் வண்டி தட்டலையே.

மிச்சில்: என்னுது என்னைக்கு ஒழுங்கா ஓடுச்சு, தட்டுறதுக்கு?

துயாரா: அதுவும் சரிதான். உங்கண்ணன் சொல்லுவாரே... மிச்சில் வண்டியில ஏறுறவன் நடக்கிற பூட்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் ஏறணும்னு.

மிச்சில்: ...சொல்லுவாரு.

துயாரா: அவர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தியா? நின்ன இடத்துலயே நின்னு சதுரமாயிடுச்சு. பிரசவம்னு ஆள் வந்தா, வாசல்ல ஒரு வண்டி உறுமிக்கிட்டு நிக்குது... நர்ஸம்மா நான் உன் ஓட்டை வண்டியில தொத்திக்கிட்டுப் போறேன். ஊரே சிரிக்குது.

மிச்சில்: ஊர்ல யாரும் சிரிக்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் அந்த வழியாப் போறாங்க.

துயாரா: சரி, சிரிக்கலை. உன் ஷெட்ல அடுப்பு எரியுதுல்ல? அங்க ஓட்டிட்டுப் போ. அணைச்சு, ஆயிலை மாத்து. ரெண்டு நாள் கழிச்சுக் கிளப்பு. பூனைக்குட்டி மாதிரி கிளம்பும்.

மிச்சில்: கிளம்பும்...

துயாரா: இப்பத்தானே லேனா உடையிற வரைக்கும் கிளம்பாதுன்ன?

மிச்சில்: கிளம்பும் அண்ணி. ஆனா அது நான் கிளப்பினதா இருக்கும். இப்போ ஓடுறது அண்ணன் கிளப்பினது.

துயாரா: இந்தா, டீயைப் பிடி.

மிச்சில்: நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். அந்தச் சத்தம் இல்லாம இந்த வீட்ல நீங்க எப்படி...

துயாரா: உட்காரு முதல்ல. அந்தப் பெஞ்சு வேண்டாம், இப்படி வா.

மிச்சில்: உட்கார்ந்துட்டேன்.

துயாரா: அன்னைக்கு அந்தப் பெஞ்சுலதான் வந்து உட்கார்ந்தாரு. வண்டியைக் கிளப்பி விட்டிருக்கேன், சூடாகட்டும், அதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போறேன்னு. டீ ஆறிப்போச்சு. அவரும்தான்... வண்டி மட்டும் இன்னும் சூடா நிக்குது.

மிச்சில்: அதனாலதான் அண்ணி அதை விடக் கூடாதுங்கிறேன்.

துயாரா: நேத்து நாப்பதாம் நாள் முடிஞ்சுது. அலாடி அப்பம் சுட்டு நெருப்புக்குப் படையல் போட்டோம். ஆவி கிளம்பிடுச்சுன்னு பெரியவங்க எழுந்து போயிட்டாங்க. எனக்கென்னமோ அவரு கிளம்பலைன்னு தோணுது. வாசல்ல வண்டி உறுமிக்கிட்டே இருந்தா, மனுஷன் எப்படிப் போவாரு? ஏறி உட்காரத்தான் பார்ப்பாரு.

மிச்சில்: இன்னும் கொஞ்ச நாள். பெட்ரோல் என் பொறுப்பு. நீங்க எதுவும்...

துயாரா: விரலைக் காட்டு.

மிச்சில்: எதுக்கு?

துயாரா: கட்டு அழுக்காயிடுச்சு. மாத்தி விடறேன். எப்படிப் பட்டுச்சுன்னு சொன்ன?

மிச்சில்: அடுப்புல சுட்டுக்கிட்டேன். அன்னைக்கே சொன்னேனே.

துயாரா: அடுப்புல சுட்டா கொப்புளம் வரும். இந்தக் குளிர்ல இரும்பை வெறுங்கையால பிடிச்சாத்தான் தோல் இப்படி உரியும். நர்ஸ்கிட்டயே கதை விடறியா?

மிச்சில்: ...வலிக்குது அண்ணி, மெதுவா.

துயாரா: பனிமூட்டம் போட்டு எதிர்வீடுகூடத் தெரியாத அந்த வாரம். விடியக்காலை நீ, ஆயில் இளகட்டும்னு கங்குத் தட்டை வண்டிக்கு அடியில தள்ளிட்டு, பனியில மல்லாந்து கிடந்த.

மிச்சில்: பார்த்தீங்களா?

துயாரா: ஜன்னல் ஐஸைச் சுரண்டிட்டுப் பார்த்தேன். பேட்டரியைக் கோட்டுக்குள்ள வச்சு, கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்த.

மிச்சில்: குழாயில ஐஸ் அடைச்சு நின்னுபோச்சு அண்ணி. நீங்க எழுந்து, சத்தம் இல்லைன்னு தெரிஞ்சா... தாங்குவீங்களா? அதான் உங்ககிட்ட சொல்லலை.

துயாரா: வண்டி கிளம்பிப் புகை வந்ததும் பானட்டு மேல கவுந்து அழுத.

மிச்சில்: அது... குளிர்ல கண்ணு...

துயாரா: புதைச்ச அன்னைக்குக்கூட நீ அழலை. சவப்பெட்டியைத் தூக்கினே, குழி தோண்ட, உறைஞ்ச மண்ணு இளகக் கங்கு போட்டே, வந்தவங்களுக்குச் சோறு போட்டே. ஒரு சொட்டு அழலை. அந்த விடியக்காலைதான் அழுத. அழட்டும்னு விட்டுட்டேன். நாப்பதாம் நாள் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன்.

மிச்சில்: அப்போ... இது அண்ணன் கிளப்பினது இல்லைன்னு உங்களுக்கு இத்தனை நாளும் தெரியும்.

துயாரா: தெரியும். இன்னொண்ணும் தெரியும். வண்டி தானா நிக்கலை.

மிச்சில்: அண்ணி...

துயாரா: பேச விடு. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் போய் அணைச்சேன். அவர் சீட்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போதும், நீங்க நிம்மதியாப் போங்கன்னு சொல்லிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். தானா நின்ன வண்டியில சாவி ஓடுற பக்கம்ல இருக்கும்? இது அணைச்ச பக்கம் திரும்பியிருந்துச்சேப்பா. நீ அதைப் பார்க்கவே இல்லையா?

மிச்சில்: பார்த்தேன் அண்ணி. நீங்கதான் அணைச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சேதான் திரும்பக் கிளப்பினேன்... உங்களுக்கு மனசு ஆறிடுச்சு. எனக்கு ஆறலை.