தடுப்புப் பலகைக்குள் பஞ்சு

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தாலும் அன்று முழுக்கத் தலைவலிதான். "உங்களுக்கு இருக்கிறது காதா, கண்ணாடிக் குடுவையா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

மியூசியத்தில் இந்த வண்டியின் வரலாற்றை எழுதி மாட்ட வேண்டும், பழைய டிரைவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினீர்கள். சொல்கிறேன். முதலில் இது தபால் மூட்டை ஏற்றிய வண்டி. பிறகு ஜெயில்காரர்கள் வாங்கிச் சுற்றிலும் தகரம் அடித்து, கூரையோரம் கையகலத்துக்குக் கம்பி வைத்த ஒரு ஓட்டை மட்டும் விட்டார்கள். சிற்றூர் லாக்கப்புகளிலிருந்து கோர்ட்டுக்குக் கைதிகளைக் கொண்டுபோவது என் வேலை. கூடவே காவலுக்கு வந்தவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் பின்னால் கைதிகளோடு உட்கார வேண்டும் என்பது விதி. பின்னால் ஒரே வெக்கை, எனக்கும் பேச்சுத் துணை வேண்டும். முன்னால் வரச் சொன்னது நான்தான். அவசரமென்றால் கைதிகள் எங்கள் சீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த தடுப்புப் பலகையைத் தட்டலாம், நிறுத்துவோம். ஆனால் அவர்கள் வழியெல்லாம் தட்டுவார்கள். ஒருவனுக்குத் தண்ணீர் வேண்டும், ஒருவனுக்கு ஒன்றுக்குப் போக வேண்டும், இன்னொருவனுக்குச் சும்மா பொழுது போகவில்லை. ஒரு விடுமுறை நாளில் பழைய மெத்தையைக் கிழித்து, அந்த இரட்டைப் பலகைக்கு நடுவில் பஞ்சை அடைத்தேன். அத்தானிடம் சொல்லவில்லை, சொன்னால் விதி பேசுவார். நேற்று உங்கள் தச்சர் பலகையைப் பிரித்துவிட்டு, "இதை யாருங்க அடைச்சது?" என்று கேட்டது அந்தப் பஞ்சைத்தான்.

அன்று ஒரே ஒரு கைதி. சைக்கிள் திருடினான் என்று பிடித்த கொத்தனார், புதிதாகக் கல்யாணமானவன். ஏறும்போதே, "அண்ணே, உள்ள ரொம்ப வேகுது. தட்டினா நிறுத்துவீங்கல்ல?" என்றான்.

"நிறுத்தாம என்ன?" என்றேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

பாதி வழியில் சாப்பிட நிறுத்தினோம். அங்கே இருந்த ஒற்றை மரத்தின் நிழல் வண்டியின் முன்பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது. அத்தான் டப்பாவைத் திறந்தவர் கையை நிறுத்தி, "மச்சான், போய் ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?" என்றார்.

"ஏதாவது வேணும்னா தட்டமாட்டானா அத்தான்? சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்க."

என் பேச்சை நம்புகிற மனிதர். சாப்பிட்டார், கதவோரம் சாய்ந்து தூங்கியும் போனார்.

கோர்ட் வாசலில் கதவைத் திறந்தபோது அவன் தடுப்புப் பலகையோரம் சுருண்டு கிடந்தான். உயிர் இல்லை. விரல் மூட்டுகளில் தோல் உரிந்திருந்தது.

விசாரணையில் அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, "பின்னால உக்காந்திருக்க வேண்டியவன் நான்தாங்க" என்றார். வேலை போயிற்று, தண்டனையும் கிடைத்தது. இதே வண்டியில் அவரை ஜெயிலுக்கு ஓட்டிப்போனதும் நான்தான். வழியில் அவர் ஒருமுறைகூடத் தட்டவில்லை.

"உங்க அத்தான் புத்திகெட்டுப் போய்த் தூங்கிட்டாரு. நீயாவது தப்பிச்சியேடா" என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அவள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நான் பாவி. அதை மறுக்கவில்லை.

ஆனால் பொய்யன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தட்டிய சத்தம் கேட்டதா என்று அதிகாரிகள் கேட்டார்கள். என் காதில் எதுவும் விழவில்லை என்றேன். அது சத்தியம். டிரைவர் சீட்டுக்குத் தனிச் சாய்மானம் கிடையாது, அந்தப் பலகைதான் சாய்மானம். சாப்பிட்டதும் அதில்தான் சாய்ந்தேன். அவன் தட்டியது ஒவ்வொன்றும் என் முதுகில் பட்டது. முதுகைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து அது நின்றது. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.